மஞ்சள் பட்ட பீரோ

கதவில் சிவப்பு எழுந்ததை முதலில் பார்த்தது அம்மாதான்.

கையில் மஞ்சள் கரைத்த கிண்ணம். மூன்று விரல்களை அதில் நனைத்து, பீரோவின் இடது கதவில் மேல் மூலையில் பட்டையாக இழுத்துவிட்டு, குங்குமச் சிமிழை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். மறுபடி பார்த்தபோது அங்கே மஞ்சள் இல்லை. இளநீலக் கதவில் மூன்று சிவப்புக் கோடுகள். அடிபட்ட கையோடு யாரோ கதவைப் பிடித்துக்கொண்டு நடந்து போன மாதிரி.

“ஐயோ, இன்னாடா இது… ரத்தமாட்டம் கீது!”

நான் வாசல் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நுரையோடு உள்ளே ஓடினேன். அம்மா கிண்ணத்தைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அவள் விரல்களில் மஞ்சள் மஞ்சளாகத்தான் இருந்தது. கதவில் மட்டும் சிவப்பு.

மறுநாள் என் தங்கை பவித்ராவுக்குக் கல்யாணம். சிவப்பு எழுந்த அந்தக் காலையிலேயே ராகு காலத்துக்கு முன்னால் சீர் சாமான்கள் திருநின்றவூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியாக வேண்டும். கோவில்பதாகையில் மாப்பிள்ளை வீடு. வாசலில் குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பின்பக்கத் தட்டைத் திறந்துவிட்டு, பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கதவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். ‘நீ படிச்சவன், இதுக்கு இன்னா பண்றதுன்னு உனக்குத் தெரியும்’ என்கிற பார்வை.

எனக்குத் தெரியவில்லை.

சுரண்டுகிற கூலி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பார்க்கும் வேலையைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். இரும்புப் பின்களை அளவுத் துளையில் நுழைத்துப் பார்ப்பது. நுழைந்தால் ஒரு தட்டு, நுழையாவிட்டால் இன்னொரு தட்டு. அது சம்பளத்துக்கு.

ஷிஃப்ட் முடிந்த சாயங்காலங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் வேறு வேலைக்கு. நசரத்பேட்டையில், பெங்களூர் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, சாதிக் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. சாதிக் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். அவனுடைய அத்தா இடிக்கிற வீடுகளிலிருந்து கட்டில், பீரோ, மேஜை என்று வாங்கி வந்து பூந்தமல்லியில் விற்பவர். விற்காமல் தங்கிப்போனதெல்லாம் அந்தக் கொட்டகையில் வந்து சேரும்.

ஒரு நாள் சாதிக் போனைக் காட்டினான். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி பழைய மேஜை ஒன்றுக்குச் சுண்ணாம்பு பூசினது போன்ற பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் ஓரத்தையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே மெழுகு தடவிக்கொண்டிருந்தாள். பளபளப்பே இல்லை. தொட்டால் மாவு மாதிரி இருக்கும்போல் இருந்தது.

“மாமே, ஹைவேயில புதுசு புதுசா ஃபிளாட் வருதுல்ல, அங்க இருக்கவங்களுக்கு இதுதான் வேணுமாம். சாக் பெயிண்ட்டுன்னு பேரு.”

“அடிச்ச பெயிண்ட்ட ஏன்டா தேய்க்கிறா?”

“பழசு மாதிரி தெரியணுமாம்.”

“பழசுதானேடா அது?”

“அது நெஜப் பழசு. இது அழகான பழசு.”

அந்தப் பெயிண்ட் டின் விலைக்கு நாங்கள் ஆள் இல்லை. சாதிக்தான் வழி கண்டுபிடித்தான். சுவருக்கு அடிக்கிற சாதாரண எமல்ஷனில், ஊறவைத்து வடிகட்டிய கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்துச் சேர்த்தான். அடித்துப் பார்த்தால் அதே மாவுத்தன்மை. தேன்மெழுகை டர்ப்பன்டைனில் உருக்கி மெழுகும் நாங்களே செய்துகொண்டோம். அந்த மெழுகு வாசனை சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

தேய்ப்பதில்தான் சூட்சுமம். எங்கே வேண்டுமானாலும் தேய்த்தால் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். கை படுகிற இடம், முழங்கால் இடிக்கிற இடம், துடைப்பம் மோதுகிற கால், சாவி உரசுகிற பூட்டுத்துளை. அங்கே மட்டும் தேய்த்து அடிப் பூச்சை வெளியே கொண்டுவர வேண்டும். எனக்கு அது சட்டென்று வந்துவிட்டது. சாமான்கள் எங்கே தேயும் என்று எங்கள் வீட்டில் வளர்ந்தவனுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

அம்மா ஒரு முறை கொட்டகைக்கு வந்தாள். நான் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏன்டா, நல்லாத்தான அடிச்ச? அத்த ஏன் சொரண்டற? யாரு ஊட்டுதுடா அது?”

“அவங்களேதாம்மா இப்படிக் கேட்டாங்க.”

“கேட்டாங்களா? பாவம், அவங்களுக்கு இன்னா கஷ்டமோ.”

சாதிக் டின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

நைனா சொன்னா சரி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் போனவன் நான். இதைப் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு அலுப்பு இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை.

படித்தவன் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். கரண்ட் பில், மாத்திரைச் சீட்டு, ரேஷன் கடையில் வந்த குறுஞ்செய்தி, பக்கத்து வீட்டுக்காரன் கட்டிய சுவர் நம் பக்கம் வந்திருக்கிறதா இல்லையா என்பது, எல்லாம் என்னிடம் வரும். நான் ஏதோ ஒன்று சொல்வேன். “நைனா சொன்னா சரி” என்று அப்பா எழுந்து போய்விடுவார். என்னைத்தான் அவர் நைனா என்பார். தண்ணி லாரி ஓட்டுகிறவர், ஊரில் யாரோடும் வாய்ச்சண்டைக்கு அஞ்சாதவர், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியது இல்லை. ஒரு தடவையாவது ‘போடா, உனக்கு இன்னா தெரியும்’ என்று சொல்லியிருந்தால் எனக்குத் தோள் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

பீரோ விஷயத்திலும் அதுதான் நடந்தது.

எங்கள் பக்கம் சீர் என்றால் கட்டிலும் பீரோவும் கண்டிப்பாக உண்டு. பீரோ என்றால் இரும்பு பீரோ. ஆளுயரக் கண்ணாடி வைத்தது. கடையிலிருந்து வருகிற பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக் கூடாது. அந்த உறைதான் ‘புதுசு’ என்பதற்குச் சாட்சி. கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் உறையோடு நிற்கிற பீரோக்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா ஆவடியில் ஒரு கடையில் விலை கூடக் கேட்டுவிட்டு வந்திருந்தார். பவிதான் குறுக்கே வந்தாள். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். அதிகம் பேசமாட்டாள். நாங்கள் ஒரு ஃபிளாட்டுக்குச் செய்து கொடுத்த நீல அலமாரியின் போட்டோவை என் போனில் பார்த்துவிட்டு, அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இது மாதிரி பண்ணிக் குடுண்ணா. இரும்பு வேணாம். தொறக்கும்போது கத்தும், எனக்குப் பிடிக்காது.”

அவள் வாய் திறந்து ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை. சரி என்றுவிட்டேன்.

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. நிச்சயத்தன்று அவர்கள் வீட்டில் வைத்து மாப்பிள்ளையின் அம்மா சொன்னது அவருக்குள் ஓடியிருக்கும். அந்த அம்மாள் கறாராக ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, “உங்க பொண்ணுக்கு நீங்க போடறது. நாங்க இன்னா சொல்றது? நாலு பேரு வந்து பாப்பாங்க, அவ்ளோதான்” என்றார். அந்த வீட்டு மூத்த மருமகள் கொண்டுவந்த கண்ணாடி பீரோ கூடத்திலேயே, வாசலைப் பார்த்து நின்றிருந்தது. நாங்கள் எல்லோரும் அதில் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடித்தோம்.

“பழசுன்னு சொல்லிட மாட்டாங்களே நைனா?” என்றார் அப்பா.

“தேக்குப்பா. இப்ப இதுக்குத்தான் மதிப்பு.”

“நைனா சொன்னா சரி.”

அவ்வளவுதான். பவி அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடப்பதும் நடக்காததும் என் கையில் இருக்கிற தூரிகைக்கு வந்துவிட்டது.

பூச்சுக்கு மேல் பூச்சு

சாதிக்கின் அத்தா அம்பத்தூர் பக்கம் இடித்த ஒரு வீட்டிலிருந்து வாங்கிப் போட்டிருந்த இரட்டைக் கதவு பீரோ அது. மேலே பழைய வார்னிஷ் பாகு மாதிரி கறுத்திருந்தது. சோடா போட்டுக் கழுவி, காயவைத்து, தேய்த்து, வீட்டுக்கே கொண்டுவந்து முன்கூடத்தில் நிறுத்திக்கொண்டோம்.

முதலில் செங்காவிப் பூச்சு. அதற்கு மேல் வெளுத்த நீலம். அது காய்ந்ததும் இன்னொரு நீலம், கொஞ்சம் கூடுதல் வெளிச்சமாக. சுண்ணாம்பு கலந்த பெயிண்ட் ஒரு பூச்சில் அழகு காட்டாது. மேகம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று தெரிய வேண்டும்.

ஓரம் தேய்ப்பது இதில் கிடையாது என்று தீர்மானமாக இருந்தேன். ஃபிளாட்டுக்காரர்களுக்குத் தேய்ந்தது அழகு. எங்கள் ஜனங்களுக்குத் தேய்ந்தது தேய்ந்ததுதான். சாதிக்கும் அதைப் புரிந்துகொண்டு உப்புத்தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கடைசியாக மெழுகு. மெழுகு போடும் வரை இந்தப் பெயிண்ட்டுக்குத் தோல் கிடையாது. தண்ணீர், எண்ணெய், வேர்வை எது பட்டாலும் உறிஞ்சிவிடும். மெழுகு போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டால் பிறகு எது பட்டாலும் மேலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும்.

சீர் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் மெழுகைத் தொடங்கினேன். அந்த வாரம் முழுக்கப் பத்திரிகை கொடுக்க அலைந்திருந்தேன். சமையல்காரரைப் பார்க்கவும் மண்டபத்துக்காரரைப் பார்க்கவும் ஓடியிருந்தேன். லீவு கிடைக்காததால் பகலில் பின்களையும் அளந்துகொண்டிருந்தேன். மேல்பலகை முடிந்தது. இரண்டு பக்கமும் முடிந்தன. கதவுக்கு வரும்போது கை தூக்க வரவில்லை. பீரோவிலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். பவி வந்து என் கையிலிருந்த துணியை உருவி எடுத்தாள்.

“போய்ப் படுண்ணா. காலையில போட்டுக்கலாம். கதவுதான?”

அவள் முகத்தில் நலங்கு மஞ்சள். உள்ளங்கையில் மருதாணி ஏறியிருந்தது. நான் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.

ஆரத்தி கரைக்கத் தெரிந்த வீடு

காலையில் அம்மா முந்திக்கொண்டாள். காலண்டரில் ராகு காலத்தைப் பார்த்திருக்கிறாள். புதுச் சாமான் எதுவும் மஞ்சள், குங்குமம் படாமல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. தோசைக்கல்லுக்கு வைத்தாள். மிக்ஸிக்கு வைத்தாள். கட்டிலின் நாலு காலுக்கும் வைத்தாள். பீரோவுக்கு வந்தாள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். இது தெரியாத தமிழ் வீடு உண்டா? முந்தின நாள் நலங்குக்கு அம்மாவே தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்தாள். நான்தான் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சுண்ணாம்புதான் பீரோ முழுக்க இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை. தன் கையால் குழைத்த சாதிக்குக்கும் தோன்றவில்லை. ஃபிளாட்டுகளுக்குச் செய்தபோது பிரச்சினை வந்ததில்லை. அங்கே யாரும் மஞ்சள் வைத்ததில்லை, அல்லது மெழுகு போட்ட பிறகு வைத்திருப்பார்கள்.

சாமான் ஏற்ற உதவிக்கு வந்த சாதிக் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றான்.

“மச்சான்… ஆரத்தி எடுத்துட்டீங்களேடா பீரோவுக்கு!”

யாரும் சிரிக்கவில்லை. அவனே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். சிவப்பு இன்னும் கொஞ்சம் அகலமானது, அவ்வளவுதான். உள்ளே இறங்கிவிட்டது.

“மேல இன்னொரு கோட்டு அடி மாமே,” என்றான் சாதிக்.

“காய நேரம் இல்லடா. காஞ்சாலும் அதுலயும் சுண்ணாம்புதான். திரும்ப மேல வரும்.”

“அப்ப உப்புத்தாள் போடு. அந்த எடத்த மட்டும் எடுத்துடலாம்.”

“எடுத்தா கீழ காவி தெரியும். பழைய பீரோவுக்கு மூலை உதுந்துபோன மாதிரி இருக்கும். அதுக்கு இரும்பு பீரோவே வாங்கியிருக்கலாம்.”

“ஒரு சாமி ஸ்டிக்கர் ஒட்டிட்டா?” என்றார் அப்பா. அவருக்கே அது சரியாகப் படவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். “நாளைக்குக் கல்யாணத்த வச்சிக்கினு நான் போய்… என் கையாலயே…”

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். “அண்ணாத்தே! டைம் ஆவுது. ராகு காலத்துல ஏத்தப் போறீங்களா?”

பவி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. தலைக்குக் குளித்து, துண்டால் முடியைச் சுற்றியிருந்தாள். கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மா பக்கத்திலிருந்த மஞ்சள் கிண்ணத்தை எடுத்தாள். மருதாணி விரல்கள் மூன்றை அதில் முக்கி, வலது கதவின் மேல் மூலையில், இடப்பக்கம் இருந்த அதே உயரத்தில், ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

“அடிப் பாவி, இன்னாடி பண்ற!”

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் கறுத்து, காவியாகி, சிவந்தது.

“ஒரு கதவுல மட்டும் இருந்தாத்தாம்மா கறை,” என்றாள் பவி. “ரெண்டுலயும் இருந்தா டிசைன்.”

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “மெழுகு போட்டு மூடுண்ணா. வண்டி நிக்குது.”

அன்றைக்கு அந்த வீட்டில் எனக்கு உத்தரவு போட்ட ஒரே ஆள் அவள்தான். வேகமாகப் போட்டேன். மெழுகை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, சிவப்பின் மேலும் நீலத்தின் மேலும் ஒன்றாகத் தேய்த்தேன். இடது கதவு நான், வலது கதவு சாதிக். மெழுகு பட்டதும் சிவப்பு அடங்கி, ஓட்டுச் செங்கல் நிறத்துக்கு வந்தது. நன்றாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்போது எனக்கு எதுவும் நன்றாகவோ நன்றாக இல்லாமலோ தெரியவில்லை.

வண்டியில் அப்பா பின்னால் ஏறி, பீரோவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு போனார்.

போர்வை

மாப்பிள்ளை வீட்டில் இறக்கி வைத்தபோது நானும் இருந்தேன். சம்பந்தியம்மா கதவை விரலால் தடவிப் பார்த்தார். விரலை முகர்ந்து பார்த்தார்.

“இது புதுசா, பழசா?”

“தேக்கும்மா,” என்றார் அப்பா. “எம் புள்ள கையால செஞ்சது.”

“தேக்கு சரி…” என்று இழுத்தார். மூலையில் இருந்த கோடுகளைப் பார்த்தார். “இன்னாது, செவப்பா?”

“டிசைனும்மா,” என்றார் அப்பா. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாக் கல்யாணத்தையும் போலச் சாப்பாட்டில் உப்புக் குறைச்சல் என்றார்கள், பாட்டுச் சத்தம் அதிகம் என்றார்கள். மறுநாளே நான் வேலைக்குப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பவி போன் செய்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாப்பிட்டியா, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி என்று கேட்டாள். கடைசியில்தான் சொன்னாள்.

“மூடிட்டாங்கண்ணா.”

“எத?”

“பீரோவ. சொந்தக்காரங்க பாக்க வந்தாங்கல்ல, அதுக்கு முன்னால அத்தை ஒரு போர்வைய எடுத்து மேல போட்டுட்டாங்க. ரோஸ் பூப் போட்ட போர்வை. அப்படியே கீது இன்னும்.”

என் முன்னால் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. தயிர்சாதம். அதில் ஸ்பூனைக் குத்தி நிறுத்தினேன்.

“நான் வேற வாங்கித் தந்துடறேன் பவி. ஆவடியில அப்பா பாத்து வச்சதே. கண்ணாடி வச்சது. இத எடுத்துக்கினு வந்துடறேன்.”

“வேணாம்.”

“அப்புறம் எத்தினி நாளைக்கு…”

“வேணாம்னு சொல்றேன்ல. போர்வையத் தூக்கிட்டுத்தான் துணி எடுக்கறேன். சத்தமே இல்லாம தொறக்குது.” போனை வைக்கப் போகும்போது சொன்னாள். “அப்பா கிட்ட சொல்லாத.”

சாயங்காலம் அப்பா கேட்டார், “பவி இன்னா சொல்லுது?”

“நல்லா இருக்காம்பா.”

“பீரோ?”

“எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சாம்.”

“நைனா சொன்னா சரி,” என்றார். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

அப்புறம் கொஞ்ச நாள் எனக்குக் கொட்டகைக்குப் போகவே பிடிக்கவில்லை. போனாலும் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு ஃபிளாட்டுக்காரர், மருத்துவமனை மாதிரி இல்லாமல் ‘ஒரு வாழ்ந்த வீடு மாதிரி’ இருக்க வேண்டும் என்று அலமாரி ஒன்று கேட்டிருந்தார். நல்ல மனிதர், பேச்சும் மரியாதையானது. தேய்க்கத் தேய்க்க எனக்கு அந்த ரோஸ் பூப் போர்வைதான் கண்ணில் நின்றது. சாதிக் ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நான் தேய்க்க வேண்டிய ஓரத்தையும் சேர்த்து அவனே தேய்த்தான்.

ஆடிக்கு அழைக்கப் போனது

ஆடி பிறப்பதற்கு முன்னால் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. அப்பாவுக்கு லாரி. பூ, பழம், புதுத்துணிப் பையோடு என்னை அனுப்பினார்கள். ஷிஃப்ட் முடிந்து அம்பத்தூரில் ரயில் ஏறி, ஆவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். பழப்பை கையை அறுத்தது. அந்தப் போர்வையைப் பார்க்காமல் எந்தப் பக்கம் பார்த்து உட்காரலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிந்தது நீலம்தான்.

போர்வை இல்லை.

பவி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. சம்பந்தியம்மா கொல்லைப்புறத்தில் யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது. நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன், “போர்வை எங்க?”

“அழுக்கா இருந்துச்சு. துவைச்சேன். காஞ்சுது. மடிச்சு வச்சிட்டேன்.”

“அவங்க ஒண்ணும் சொல்லலியா?”

“எங்க போச்சுன்னு ஒரு வாட்டி கேட்டாங்க. உள்ளதான் கீதுன்னேன்.”

பீரோவைத் திறந்து காட்டினாள். சத்தமே இல்லாமல் திறந்தது. அடித்தட்டில் ரோஸ் பூப் போர்வை, மூலைக்கு மூலை பொருத்தி மடித்து வைத்திருந்தது. நடுத்தட்டில் பவியின் துணிகள், மாப்பிள்ளையின் சட்டைகள். மேல்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு பட்டுப் புடவைகள், அரக்கும் பச்சையும். அவை பவியுடையவை அல்ல. அவள் கல்யாணத்துக்கு எடுத்தவை எனக்குத் தெரியும்.

“அத்தையோடது,” என்றாள். “இரும்புல வச்சா மழைக்கு ஓதம் ஏறுதாம். இதுல ஏறலயாம்.”

கதவை மூடினாள். அப்போதுதான் கவனித்தேன். மேல் மூலைகளில் எங்கள் வீட்டுக் கோடுகள் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே புதிதாக மஞ்சள் பொட்டுகள், குங்குமம் வைத்தவை. வெள்ளிக்கிழமையில் வைத்திருக்க வேண்டும். மெழுகின் மேல் அவை மஞ்சளாகவே நின்றன. ஆனால் கைப்பிடிக்குப் பக்கத்தில், கை பட்டுப் பட்டு மெழுகு போய் நீலம் மங்கியிருந்த இடத்தில், ஒரு பொட்டு மட்டும் நல்ல சிவப்பாக இருந்தது.

நான் எத்தனையோ கைப்பிடிகளுக்குப் பக்கத்தில் உப்புத்தாள் போட்டிருக்கிறேன். அந்த மங்கல் அவ்வளவு சரியான இடத்தில் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

சம்பந்தியம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். “வா தம்பி. இன்னா இப்படி எளைச்சிக் கீற? ஊட்ல சோறு போடறாங்களா இல்லியா?” என்றார். உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன்.

காபி வந்தது. அவர் பீரோவைக் காட்டினார்.

“தம்பி, உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மஞ்ச வைக்கிறேன். இந்தக் கைப்பிடி கிட்ட மட்டும் அப்படியே ஆரத்தி மாதிரி செவக்குது. லட்சணமா கீது. மேல வச்சா செவக்கவே மாட்டேங்குது. உன் பெயிண்ட்டுல எதுனா கோளாறா? அங்கயும் செவக்கிற மாதிரி பண்ணிக் குடேன்.”

பவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

மெழுகைத் துடைத்து எடுத்தால் ஒரே நாளில் முடிகிற வேலை அது. டர்ப்பன்டைனும் ஒரு துணியும் போதும். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கை அசந்திருந்தது. காபி சூடாக இருந்தது. பீரோ அதன் இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

“அதுக்குக் கொஞ்ச நாள் ஆவும் அத்தை,” என்றேன். “நீங்க அங்கயும் கை வச்சுத் தொறந்து மூடிக்கினு இருங்க.”